வெங்காயத்துக்கு மண்புழு உரமா, யூரியாவா? மாட்டுங்கா மார்க்கெட்டில் தொடங்கும் ஒரு மூட்டைக் கணக்கு

மாட்டுங்கா கிழக்கில், ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள மார்க்கெட்டில் வெங்காயம் வாங்குபவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், அளவைப் பார்ப்பார்கள். அடுத்த முறை கழுத்தையும் அமுக்கிப் பாருங்கள். தாள் காய்ந்து நிற்கும் அந்த மேல்முனை மெலிந்து, இறுகி, காகிதம்போல் மூடியிருந்தால் அந்த வெங்காயம் கூடையில் வாரக்கணக்கில் தாங்கும். தடித்து மெத்தென்று இருந்தால் இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுவது நல்லது. அழுகல் பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகிறது.

கழுத்து தடிப்பதற்கு ரகம், கடைசி நேரத் தண்ணீர், சரியாக உலர்த்தாதது எனப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று, விவசாயி யூரியாவை எப்போது நிறுத்தினார் என்பது.

'ஆர்கானிக் வெங்காயமா, கெமிக்கல் வெங்காயமா' என்று கடையில் கேட்கும் கேள்விக்குள் இந்த விஷயம் வருவதே இல்லை. ஆனால் வெங்காய ஆராய்ச்சி நிறுவனங்கள் தரும் பரிந்துரைகளைப் புரட்டினால், அங்கே 'இதுவா அதுவா' என்ற சண்டையே கிடையாது. மக்கிய உரமும் ரசாயன உரமும் ஒரே வரியில், ஒன்றையடுத்து ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏன் இரண்டும்? எவ்வளவு? எப்போது? செலவு யார் தலையில்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மும்பைக்கு இதில் என்ன வேலை?

மாட்டுங்காவில் விற்கும் பெரிய வெங்காயம் பெரும்பாலும் நாசிக், புணே, சோலாப்பூர் பக்கத்து வயல்களில் விளைந்து, வாஷி மொத்த மார்க்கெட் வழியாக வருகிறது. நம்மவர்கள் தேடி வந்து வாங்கும் சாம்பார் வெங்காயம் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கத்திலிருந்து வருகிறது. வெங்காயம் இங்கே விளைவதில்லை. ஆனால் அதற்குப் போடும் உரத்தின் இரண்டு முனைகளும் இந்த ஊரில்தான் இருக்கின்றன.

மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டரில் செம்பூர். அங்கே டிராம்பேயில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய உர ஆலைதான் இன்றைய ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ், சுருக்கமாக ஆர்.சி.எஃப். 1978-இல் இந்தப் பெயரில் தனி நிறுவனமானது. மகாராஷ்டிர விவசாயிகள் வீட்டுப் பெயர்போல் சொல்லும் 'சுஃபலா 15:15:15' மூட்டை இங்கே தயாராவது. அதே செம்பூரை ஒட்டி தேவ்னார் குப்பைக் கிடங்கு, 1927 முதல். மும்பையில் நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கும் அதிகமாகச் சேரும் குப்பையில் பெரும்பகுதி ஈரக் கழிவு. காய்கறித் தோல், வாழை இலை, கோயில் பூ எல்லாம் அதில் அடக்கம். தரம் பிரித்தால் அது மண்புழுவின் சாப்பாடு. பிரிக்காமல் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2016 ஜனவரியில் தேவ்னாரில் நாள்கணக்கில் எரிந்த தீ காட்டியது. அந்தப் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ. மண்புழு உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் குறைந்தபட்சத் தரம்: தழைச்சத்து 1 சதவீதம், மணிச்சத்து 0.8, சாம்பல் சத்து 0.8. நன்றாகத் தயாரித்த உரத்தில் தழைச்சத்து ஒன்றரை, இரண்டு சதவீதம் வரை போகும். ஆனாலும் கணக்குப் போடும்போது 1 சதவீதத்தை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஆக, ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்தை மண்புழு உரத்தில் தர வேண்டுமானால் சுமார் 2 டன் வேண்டும். ஒரு குட்டியானை வண்டி இரண்டு மூன்று நடை அடிக்கிற சரக்கு.

விலையையும் பார்ப்போம். யூரியா மூட்டையின் அரசு விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். ஒரு கிலோ தழைச்சத்துக்கு 12 ரூபாய்கூட ஆகவில்லை. மண்புழு உரம் மொத்த விலையில் கிலோ 6 ரூபாய்க்குக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அதே ஒரு கிலோ தழைச்சத்துக்கு 600 ரூபாய். ஐம்பது மடங்கு வித்தியாசம்.

'அப்புறம் எதுக்குங்க மண்புழு உரம்?' என்று ஒரு விவசாயி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. யூரியாவின் நிஜ விலையில் பெரும்பகுதியை மானியமாக அரசு கட்டுகிறது. மக்கிய உரத்துக்கு அப்படிக் கட்டுவதில்லை. இந்த ஐம்பது மடங்கில் ஒரு பங்கு இயற்கையால் வந்தது, இன்னொரு பங்கு கொள்கையால் வந்தது.

தழைச்சத்துக்காக மட்டும் யாரும் மண்புழு உரம் போடக் கூடாது

மண்புழு உரத்தை 'இயற்கை யூரியா' என்று நினைத்து வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம். அதன் வேலையே வேறு.

வெங்காயத்தின் வேர் மேலோட்டமானது. பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கிளைகளும் குறைவு, வேர்த்தூவிகளும் குறைவு. நெல்லோ மக்காச்சோளமோபோல் ஆழத்தில் இறங்கிச் சத்தைத் தேடிப் பிடிக்க அதால் முடியாது. தண்ணீரோடு சேர்ந்து யூரியா அந்த ஒரு சாணைத் தாண்டிக் கீழே போய்விட்டால் வெங்காயத்துக்கு அது போனது போனதுதான். எனவே அந்த மேல்மண் ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும், சத்தைப் பிடித்துவைக்க வேண்டும், கிழங்கு பருக்கும்போது இறுகாமல் பொலபொலவென்று இருக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் யூரியா செய்யாது. மக்கிய கரிமப் பொருள் செய்யும். மண்புழுவின் குடல் வழியாக வந்த உரம் நுண்ணிய மணிமணியாக இருப்பதால் தொழு உரத்தைவிட இதைக் கொஞ்சம் சீக்கிரமாகவே செய்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. நட்ட நான்காவது வாரத்திலிருந்து வெங்காயம் வேகமாகத் தாள் விடும். ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியும்தான் பிறகு கிழங்கின் ஒரு செதிலாகிறது. தாள் குறைந்தால் கிழங்கும் சிறுக்கும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் பயிர் கேட்கும் தழைச்சத்தை மண்புழு உரம் தன் வேகத்தில்தான் விடுவிக்கும். அதில் இருப்பதில் ஒரு பங்குதான் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்கும், மீதி மண்ணில் தங்கி அடுத்த பயிர்களுக்குப் போகும். குளிர்ந்த ராபி மண்ணில் இந்த வேகம் இன்னும் குறைவு. அவசரத்துக்கு யூரியா, இருப்புக்கு மண்புழு உரம் என்று சொல்லலாம்.

இதற்கு நூறாண்டு சாட்சி நம்மிடமே இருக்கிறது. கோவையில், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக இருக்கும் இடத்தில், 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நாட்டின் மிகப் பழைய வயல் ஆய்வுகளில் ஒன்று. 1970-இலிருந்து இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் பல மாநிலங்களில் இதேபோல் நீண்டகால வயல்களை நடத்துகிறது. பயிரும் மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்றுதான். தழைச்சத்தை மட்டும் வருடக்கணக்கில் கொட்டிய பாத்திகளில் விளைச்சல் சரிந்தது. மூன்று பேரூட்டங்களோடு தொழு உரத்தையும் சேர்த்த பாத்திகள் நிலைத்து நின்றன, மண்ணின் கரிமச் சத்தும் ஏறியது.

எதிர்த் திசையில் ஒரு பாடம் இலங்கையில் நடந்தது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நாடு முழுவதுக்கும் தேவையான மக்கிய உரம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது, தேயிலையும் அடிவாங்கியது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே தோற்றது இயற்கை உரம் அல்ல, அவசரம் என்றே நான் வாசிக்கிறேன்.

ஏக்கருக்கு எவ்வளவு?

வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் என்றே மத்திய அரசின் ஆராய்ச்சி இயக்குநரகம் புணே மாவட்டம் ராஜ்குருநகரில் இருக்கிறது. பீமா சக்தி, பீமா கிரண், பீமா சூப்பர் போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ராபி வெங்காயத்துக்கு அவர்கள் சொல்வது இது: ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து தரும் அளவுக்கு மக்கிய உரம், அதாவது தொழு உரம் என்றால் சுமார் 15 டன், மண்புழு உரம் என்றால் 7.5 டன். அதோடு உரமாகத் தழைச்சத்து 110, மணிச்சத்து 40, சாம்பல் சத்து 60, கந்தகம் 40 கிலோ.

ஏக்கருக்கு மாற்றி, மூட்டையாக எண்ணினால் தோராயமாக இப்படி வரும். கடைசி உழவுக்கு முன் மண்புழு உரம் 3 டன். நடவின்போது 15:15:15 காம்ப்ளக்ஸ் 2 மூட்டை, பொட்டாஷ் 15 கிலோ, பென்டோனைட் கந்தகம் 18 கிலோ. நட்ட 30-ஆம் நாள் யூரியா 32 கிலோ, 45-ஆம் நாள் இன்னொரு 32 கிலோ. அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு தழைச்சத்து நடவில், மீதி இரண்டு தவணையில் என்ற அவர்களின் பிரிப்பும் இதற்குள் வந்துவிடுகிறது.

இந்தப் பட்டியலில் மணிச்சத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 3 டன் மண்புழு உரத்தில் தழைச்சத்து 30 கிலோதான், ஆனால் மணிச்சத்து 24 கிலோ வருகிறது. ஏக்கருக்கு உரமாகப் பரிந்துரைப்பதே 16 கிலோ. ஒவ்வொரு வருடமும் தவறாமல் மக்கிய உரம் போடும் வயலில், டிஏபி-யையும் பழைய அளவிலேயே போட்டால் மணிச்சத்து மண்ணில் குவியும். கூடிப்போனால் துத்தநாகம் எடுப்பதைத் தடுக்கும். கலந்து போடுவதில் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். மண் பரிசோதனை அட்டையை வாங்கிப் பெட்டியில் வைக்காமல் பார்த்தால் முதலில் குறைக்க வேண்டியது யூரியாவையா, டிஏபி-யையா என்பது தெரிந்துவிடும். பல வயல்களில் விடை டிஏபி-யாக இருக்கும்.

சாம்பார் வெங்காயத்தின் கணக்கு வேறு. அது விதைக் கிழங்கை ஊன்றி எடுக்கும் குறுகிய காலப் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்குத் தொழு உரம் 25 டன், அடியுரமாகத் தழை 30, மணி 60, சாம்பல் 30 கிலோ, 30-ஆம் நாள் மேலுரமாகத் தழை 30 கிலோ என்கிறது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 2 கிலோவும் உண்டு. பெரிய வெங்காயத்துக்குச் சொன்ன யூரியாவைச் சின்ன வெங்காயத்துக்குப் போட்டால் தாள்தான் செழிக்கும். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

45 நாளுக்குப் பிறகு ஏன் கூடாது?

இங்கேதான் மார்க்கெட்டில் அமுக்கிப் பார்த்த அந்தக் கழுத்து வருகிறது.

நாட்டின் வெங்காய உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் ராபி பருவத்தில் வருவது. டிசம்பர், ஜனவரியில் நட்டு ஏப்ரல், மே-யில் எடுப்பார்கள். அடுத்த காரீஃப் வெங்காயம் வரும்வரை, அக்டோபர், நவம்பர் வரை, இதை வைத்துத்தான் நாடு சமைக்கிறது. நாசிக் பக்கம் 'காந்தா சால்' என்று சொல்லும் காற்றோட்டமான கொட்டகைகளில் ஐந்தாறு மாதம் இருக்கும்போது எடை குறைந்து, முளைத்து, அழுகி, 30 முதல் 40 சதவீதம் வரை வீணாவது உண்டு. தீபாவளி சமயத்தில் மாட்டுங்காவில் வெங்காயம் என்ன விலை என்பதில் இந்தக் கொட்டகைகளுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

கிழங்கு பருத்து முடியும் நேரத்தில் பயிர் தாள் விடுவதை நிறுத்தி, இருப்பதைக் கிழங்குக்கு அனுப்பி, கழுத்து மெலிந்து தானாகச் சாய வேண்டும். அந்த நேரத்தில் யூரியா கிடைத்தால் அது இன்னும் தாள் விட்டுக்கொண்டே இருக்கும். கிழங்கு பெரிதாகத் தெரியும், எடையும் வரும், ஆனால் உள்ளே நீர். கழுத்து மூடாது. எடுத்த அன்றே விற்பவருக்கு இதில் நஷ்டமில்லை, சேமிப்பவருக்குத்தான் நஷ்டம். 'கடைசியா ஒரு கை யூரியா போட்டா காய் ஊதும்' என்ற பேச்சு ஊருக்கு ஊர் கேட்கும். ஊதத்தான் செய்யும்.

மண்புழு உரம் இதிலிருந்து தப்பித்ததல்ல. அதையும் கிழங்கு பருக்கும் காலத்தில் மேலே கொட்டினால் அது மெதுவாக, நிறுத்த முடியாதபடி தழைச்சத்தை விட்டுக்கொண்டிருக்கும். யூரியாவையாவது கையை நிறுத்தினால் நின்றுவிடும். எனவே மக்கிய உரம் முழுவதும் நடவுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

கந்தகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெங்காயத்தின் காரம், வாசனை, கண்ணில் வரும் நீர் எல்லாமே கந்தகச் சேர்மங்களின் வேலை. முன்பு சூப்பர் பாஸ்பேட் போட்ட காலத்தில் அதிலிருந்த 11 சதவீதக் கந்தகம் சும்மாவே வந்துகொண்டிருந்தது. டிஏபி-க்கு மாறியபோது அது நின்றுபோனது. கந்தகத்துக்கு என்று தனியாகச் செலவு செய்ய விரும்பாதவர்கள் மணிச்சத்துக்கு மறுபடி சூப்பர் பாஸ்பேட்டையே வாங்கலாம்.

பிறகு அறுவடை: பாதிப் பயிர் தாள் சாய்ந்ததும் பிடுங்கி, தாளோடு மூன்று நாள் வயலில், இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் கழுத்து விட்டுத் தாளை அறுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் நிழலில். உரத்தில் செய்த கவனமெல்லாம் இந்த இரண்டு வாரத்தில் வீணாகவும் கூடும்.

மொட்டை மாடித் தொட்டிக்கு?

மாட்டுங்கா, செம்பூர் கட்டடங்களின் மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான், கிராமில். ஒரு சதுர மீட்டருக்கு மண்புழு உரம் 750 கிராம், 15:15:15 உரம் 27 கிராம், பிறகு யூரியா இரண்டு முறை, முறைக்கு 7 கிராம். ஓரடி அகலத் தொட்டி என்றால் ஒரு தடவைக்கு யூரியா அரை கிராம்தான். ஒரு சிட்டிகை. ஒரு டீஸ்பூன் போடுபவர்கள் கிட்டத்தட்ட பத்து மடங்கு போடுகிறார்கள். நாற்று நுனி கருகுவதற்குப் பூச்சியைத் திட்டிப் பயனில்லை. அந்தச் சிட்டிகையையும் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது நல்லது.

யூரியாவை மண்புழுத் தொட்டிக்குள் போடவே கூடாது. அதிலிருந்து வரும் அம்மோனியா புழுவைக் கொன்றுவிடும். இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் செடியின் மண், புழுவின் வீடு அல்ல. புழுத் தொட்டியில் வெங்காயத் தோலையும் எலுமிச்சைத் தோலையும் குறைவாகவே போடுங்கள். வெங்காயத்தை வளர்க்க உதவுகிற புழுவுக்குப் பச்சை வெங்காயம் பிடிக்காது என்பது ஒரு வேடிக்கை. மும்பை மழையில் வெங்காயத்துக்குத் தாள் நோய்கள் வரும், அக்டோபர் தாண்டி ஆரம்பிப்பது நல்லது.

வாங்கும் மண்புழு உரம் நிஜமா?

நல்ல உரம் கரும்பழுப்பாக, டீத்தூள்போல், மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். சாண வாசனையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் மக்கவில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம்; அதற்கு மேல் சொட்டச் சொட்ட இருந்தால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 5-ஐ. நகரத்தில் இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கலந்த குப்பையிலிருந்து செய்த கம்போஸ்டில் புழு இருந்தாலும் ஈயம் போய்விடாது. தனியாகப் பிரித்த பூக்கடைக் கழிவும் வாழை இலையும் மதிப்பு மிக்கவை ஆவது இதனால்தான். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் கட்டடங்கள் ஈரக் கழிவை அங்கேயே மக்க வைக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சி 2017-இல் சொன்னபோது, நடைமுறையில் பிரித்தெடுப்பதுதான் சிக்கலாக இருந்தது.

செலவு யாருடையது?

ஏக்கருக்கு 3 டன், கிலோ 6 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். வெங்காயம் என்ன விலை போகும் என்பது நடும்போது தெரியாது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை, 2024 மே-யில் நிபந்தனையோடு அனுமதி, செப்டம்பரில் வரி 20 சதவீதம், 2025 ஏப்ரலில் வரி நீக்கம். இரண்டு வருடத்துக்குள் இத்தனை திருப்பம். மண்ணின் ஆரோக்கியத்துக்கு 18,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்வது இந்தச் சூழலில் எளிதல்ல. 2016-இல் நகரக் கம்போஸ்டுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தார்கள். 2023-இல் சாண எரிவாயு ஆலைகளில் வரும் உரத்துக்கும் அதே தொகை. ஆலையிலிருந்து வரும் உரத்துக்கான உதவி இது. கொட்டகைக்குப் பின்னால் தானே புழு வளர்க்கும் விவசாயிக்கு அல்ல.

ஆகவே வாங்குவதைவிடத் தயாரிப்பதுதான் கட்டுப்படியாகும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 3 டன் மண்புழு உரத்துக்குச் சுமார் 6 டன் சாணமும் பயிர்க் கழிவும் வேண்டும். ஒரு மாடு நாளுக்குப் பத்து கிலோ சாணம் போட்டால் வருடத்துக்கு மூன்றரை டன். அதாவது வெங்காயம் ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாடு. மாடு இல்லாதவர்களுக்குக் கோழி எரு இருக்கிறது. ராஜ்குருநகர் பரிந்துரையில் அதற்கும் மண்புழு உரத்துக்கும் ஒரே அளவு, ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆட்டுக்காரருக்குப் பணமாகவோ தானியமாகவோ கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு கிடை எத்தனை இரவு, எத்தனை ஆடு என்பதை வைத்துத்தான் பேரமே.